குப்பைமேட்டில் சுமினாவை எடுத்தவள்

ஸ்வேத்ரு சந்தையில் நின்றுகொண்டு "ஏ குப்பைமேடு!" என்று யாராவது கூவினால், வெங்காயக் கடையிலிருந்து ஒருத்தி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். அவள்தான் எக்குவா சுமினா. எங்கள் பேச்சில் சுமினா என்றால் குப்பைமேடு. யாரோ வேண்டாதவர்கள் வைத்த பட்டப்பெயர் இல்லை, பெற்றவளே ஆசையாக வைத்தது.

என் பெயர் மன்சா. அவள் கடைக்கு ஒட்டின கடை என்னுடையது. ஊசி, நூல், பொத்தான் விற்கிறேன். முப்பது வருஷம் அவளுடைய வெங்காய வாசனையில் உட்கார்ந்ததில் என் நூல்கண்டை வாங்கித் தைத்தவர்களின் சட்டையெல்லாம் மணக்கிறது என்று ஊரில் பேச்சு. மணந்தால் மணக்கட்டும்.

சுமினாவுக்கு முன்னால் அவள் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன. மூன்றும் தவழ்வதற்குள் போய்விட்டன. நாலாவதாக இவள் பிறந்ததும், ஆற்றங்கரைப் பூசாரி சொன்னபடி எட்டாம் நாள் விடியலில் இவளைக் குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பதற வேண்டாம், இது எங்கள் பக்கத்து முறைதான். பெற்றவள் பிள்ளையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, யார் கூப்பிட்டாலும் குரல் கொடுக்கக் கூடாது. முன்பே பேசிவைத்த ஒருத்தி வந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு, "குப்பையில கெடந்துச்சு, இனி எம் புள்ள" என்பாள். பெற்றவள் வெளியே வந்து, முட்டையும் மசித்த கிழங்கும் கொடுத்து, "எனக்குத் தா" என்று கேட்பாள். எடுத்தவள், "இந்தா, உனக்குத் தர்றேன்" என்று சொல்லிக் கையில் கொடுப்பாள். அதன்பிறகு சாவு தேடி வந்தாலும், இது யாரோ வீசிவிட்டுப் போன குப்பை என்று நினைத்துத் திரும்பிவிடும்.

எடுக்க வேண்டியவள் அம்மாவின் தங்கை தாவியா. வருகிற வழியில் தாவியா சித்தி குழம்புக்கு நத்தை விற்கிறவள் ஒருத்தியைப் பார்த்துவிட்டாள். மழைக்காலத்து முதல் நத்தை, உள்ளங்கை அகலம். பேரம் படியவில்லை. படிந்து முடிந்து இவள் குப்பைமேட்டுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே பிள்ளை இல்லை. ஒரு நீலக் கிண்ணி மட்டும் கிடந்தது.

அப்புறம் நடந்ததை என் அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். தாவியா சித்தி போட்ட கூச்சலில் ஊரே கூடிவிட்டது. வடக்கத்திப் பெண் ஒருத்தி பிள்ளையோடு ஓடியதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். உடனே தண்டோராக்காரன் தெருத்தெருவாக, "வடக்கத்தி ஒருத்தி புள்ளையத் திருடிட்டா, கண்டா புடிங்க" என்று அடித்துக்கொண்டு போனான். ஆண்கள் கம்பும் கையுமாகக் கிளம்பினார்கள். மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஆள் அனுப்பினாள். பிள்ளை அங்கேதான் இருக்கிறது, அனலாகக் காய்ச்சல், மருந்து கொடுத்து இறங்கியிருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கை விட்டுப் போயிருக்கும். கொண்டுவந்தது யாரோ ஒரு பெண். வைத்துவிட்டு வெளியே போனவள் திரும்பி வரவில்லை.

சுமினா பிழைத்ததற்கு மூன்று பேர் பங்கு கேட்டார்கள். பூசாரி, ஆற்றுத்தாய் காப்பாற்றினாள் என்றார். நர்ஸ், மருந்து காப்பாற்றியது என்றாள். எங்கள் சபையில், கர்த்தர் தூதனை அனுப்பினார் என்றார்கள். சுமினா யாரையும் விடவில்லை. வருஷா வருஷம் பிறந்தநாளன்று பூசாரி வீட்டுக்கு முட்டை, சபைக்குக் காணிக்கை, ஆஸ்பத்திரிச் சமையலுக்கு ஒரு கூடை வெங்காயம்.

"ஏன்டி, யாராவது ஒருத்தருக்குக் குடுத்தா ஆகாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"யாருன்னு தெரியாதப்போ எல்லாருக்கும் குடுக்கறதுதான்டி மரியாதை" என்றாள்.

இதில் சபைதான் ஜெயித்தது, ஏனென்றால் சபைக்குத்தான் மைக் இருக்கிறது. முதலில் "வடக்கத்திப் பொண்ணு" என்றுதான் சொன்னார்களாம். கொஞ்ச நாளில் அது "யாரோ ஒரு பொண்ணு" ஆனது. அப்புறம் "வெள்ளையா வந்த பொண்ணு". நான் ஞாயிறு பள்ளிக்குப் போகிற வயதில் இறக்கை முளைத்துவிட்டது. கதையில் எல்லாம் இருந்தது, அந்தக் கிண்ணி மட்டும் இல்லை. அதைச் சுமினாவின் அம்மா எடுத்துப் பத்திரமாக வைத்திருந்து மகளுக்குக் கொடுத்தாள். அதில்தான் இன்றைக்கும் வெங்காயம் அளக்கிறாள்.

"தேவதூதனுக்கு எதுக்குடி கிண்ணி? சோறு வாங்கவா?" என்று நான் சீண்டினால், "வாயக் கழுவு" என்பாள். ஆனால் சிரிப்பாள்.

தேவதூதன் தொட்ட பிள்ளை என்று பேராகிவிட்டதால், உடம்பு சரியில்லாத குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் அவள் கடைக்கு வருவார்கள். கையை வைத்தால் போதும் என்பார்கள். இவள் கையை வைப்பாள். வைத்த கையோடு, "சரி, கெளம்பு" என்று அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவாள். நீங்க தொட்டாலே போதுமே என்று யாராவது இழுத்தால், "தேவதூதன் என்னத் தூக்கிட்டு எங்க போச்சு? மலைக்கா போச்சு? ஆஸ்பத்திரிக்குத்தானே போச்சு! நட!" என்று அதட்டுவாள். அவள் வரும்வரை அவள் வெங்காயத்தையும் நான்தான் விற்க வேண்டும். இப்படி எத்தனை குழந்தைகள் பிழைத்தன என்று எனக்குத் தெரியாது. பிழைக்காத இரண்டு குழந்தைகளின் பெயர் மட்டும் அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு இந்தத் தேவதூதன் விஷயத்தில் எப்போதும் கொஞ்சம் கோபம் உண்டு. என் புருஷன் கோஃபி லாரி கவிழ்ந்து செத்தபோது நாற்பத்திரண்டு வயது. அன்றைக்கு அந்த ரோட்டில் ஒரு தூதனும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு மழை நாளில், வியாபாரம் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது இதை அவளிடம் சொல்லியே விட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நானும் கேட்டிருக்கேன்டி. எனக்கு முன்னாடி மூணு பேரு இருந்தாங்களே, அவங்க என்ன பாவம் பண்ணாங்க? அவங்களுக்கு ஏன் யாரும் வரல?" என்றாள். பிறகு, "எனக்கு மேல இருக்கறவரப் பத்தித் தெரியல. அன்னிக்கு என்னை எடுத்த ஆளு யாருன்னு தெரிஞ்சா போதும். அம்மா சாகறப்போகூட அதத்தான் சொல்லுச்சு. 'உன்ன எடுத்தவ இன்னும் உன்ன எங்கிட்டக் குடுக்கலடி'ன்னு" என்றாள்.

அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்த ஒரே ஆசை அதுதான். வேறு எதையும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

இருபது வருஷமாக அவளுக்கு வெங்காயம் கொண்டுவருகிறவர் முமுனி. என்சவாமில் வடக்கத்தியார் குடியிருப்பில் வீடு. போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை மூட்டை இறக்கிவிட்டு, எங்களோடு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். வீட்டில் எல்லாரும் சுகமா என்று சுமினா கேட்டாள்.

"எல்லாரும் சுகம். அம்மாதான் படுத்தறாங்க. எழுபத்திமூணு வயசு. லாரில ஏத்திக்கிட்டு எல்லாச் சந்தைக்கும் போ, சந்தோஷமா வருவாங்க. ஸ்வேத்ருன்னு மட்டும் சொல்லிடக் கூடாது. கதவப் புடிச்சுக்குவாங்க."

"எங்க ஊரு என்ன பண்ணுச்சாம்?" என்றேன் நான்.

முமுனி சிரித்தார். "சின்ன வயசுல இங்க ஒரு புள்ளையத் திருடிட்டாங்களாம். போலீஸ் இன்னும் தேடுதாம். என்னத்தச் சொல்ல!"

சுமினா கையிலிருந்த கிண்ணி சாய்ந்து, வெங்காயம் என் கடைக்குள் உருண்டது. அவள் பொறுக்கவில்லை. நானும் பொறுக்கவில்லை.

பிற்பாடு எங்கள் பாஸ்டர் இதைக் கேட்டு, இது கர்த்தருடைய ஏற்பாடு என்றார். நான் சொன்னேன், இந்த ஜில்லாவுக்கே வெங்காயம் நாலு குடும்பத்திடமிருந்துதான் வருகிறது, இருபது வருஷம் வாங்கினவள் ஒருநாள் வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டால் தெரியாமலா போகும்? இத்தனை நாள் கேட்காததுதான் ஆச்சரியம்.

வியாழக்கிழமை வேன் பிடித்து என்சவாம் போனோம். சுமினா கிண்ணியைத் துணியில் மூட்டையாகக் கட்டி மடியில் வைத்துக்கொண்டாள். முமுனியின் அம்மா பெயர் அசாரா. பாயில் உட்கார்ந்து ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு. ஸ்வேத்ருவிலிருந்து வருகிறோம் என்றதும் மாலை நின்றது.

"போலீஸா?" என்றார்.

"இல்லம்மா, வெங்காயக்காரி" என்றாள் சுமினா. "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்கணும். அவ்வளவுதான்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவரைப் போலச் சொல்ல ஆரம்பித்தார்.

"மாவு மில்லுல வேல. கூட்டறது, மூட்ட தூக்கறது. காலைல தவிடு கொட்டப் போனேன். கத்தற சத்தம். பூனன்னு நெனச்சேன். பாத்தா புள்ள. தொட்டா நெருப்பு. 'யாரு புள்ள, யாரு புள்ள'ன்னு கத்துனேன். எதுத்தாப்புல வீடுங்க இருக்கு, ஒருத்தரும் வரல."

சுமினா என்னைப் பார்த்தாள். அவள் அம்மா அந்தக் குரலைக் கேட்டிருக்கிறாள். தாவியாதான் முறைப்படி கத்துகிறாள் என்று நினைத்து, கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"வெள்ளைத் துணி கட்டியிருந்தீங்களாம்மா?" என்று நான் கேட்டேன்.

"மில்லுல வேலம்மா. தலையிலேர்ந்து கால்வரைக்கும் மாவு. வேற எந்த நெறத்துல இருப்பேன்?"

"எடுக்கச் சொல்லி உங்களுக்கு ஏதாவது... கனவு, கொரல் மாதிரி..." சுமினா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கொரலா? அந்தப் புள்ளதான் கத்துச்சே! ஊருக்கே கேட்டிருக்கும்."

பிறகு அவர் சொன்னதை என்னால் நேராக உட்கார்ந்து கேட்க முடியவில்லை. பிள்ளையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, கிண்ணியை எடுத்துவரலாம் என்று வெளியே வந்திருக்கிறார். தண்டோரா கேட்டிருக்கிறது. கம்போடு ஆண்கள் வருவதைப் பார்த்திருக்கிறார். புதருக்குள் புகுந்து, செருப்பில்லாமல், அடுத்த ஊர்வரை ஓடியிருக்கிறார். அப்போது அவருக்கு இருபது வயது. எங்கள் சபையில் ஐம்பது வருஷமாக, "தூதன் மறைந்தான்" என்று சொல்லி நாங்கள் கை தட்டுவது இதற்குத்தான்.

"நீலக் கிண்ணி" என்றார். "உள்ள சேவல் படம். விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், நான்தான் கீழ போட்டேன். மில்லுக்காரரோட கிண்ணி. அதுக்கும் திட்டியிருப்பாரு." மாலையை மறுபடி உருட்டத் தொடங்கினார். "அந்தப் புள்ள செத்துதான் போயிருக்கும். நர்ஸு மொகம் அப்படி இருந்துச்சு. நான் கூட இருந்திருக்கணும். போட்டுட்டு ஓடிட்டேன். அப்பறம் எனக்கு ரெண்டு பொண்ணு பொறந்துச்சு. மூத்தவ ரெண்டு வயசுல போனா. சின்னவளுக்கு அந்த வயசுகூட ஆகல. அதுக்குத்தான்னு எனக்குத் தெரியும். ஒரு புள்ளைய விட்டுட்டு ஓடுனேன், அல்லா ரெண்ட எடுத்துக்கிட்டாரு. முமுனிய மட்டும் எனக்கு விட்டாரு."

சுமினா மூட்டையை அவிழ்த்தாள். நீலக் கிண்ணியைப் பாயில் வைத்தாள். அடியில் சேவல் தேய்ந்துபோய்க் கொண்டை மட்டும் மிச்சம் இருந்தது.

"நான் சாகலம்மா. நான்தான் அந்தப் புள்ள. எனக்கு மூணு பேரன் பேத்தி இருக்காங்க."

அசாரா அம்மா கிண்ணியை எடுத்து நசுங்கின இடத்தைப் பெருவிரலால் தடவினார். அப்புறம் சுமினாவின் முகத்தைத் தடவினார். இரண்டையும் மாற்றி மாற்றி வெகுநேரம். கடைசியில் ஒன்று கேட்டார், சின்னப் பிள்ளை கேட்பதுபோல.

"அப்போ அல்லாவுக்கு எம்மேல கோவம் இல்லியா?"



திரும்பி வரும்போது வேனில் சுமினா என் தோளில் சாய்ந்துகொண்டாள். "ஒரே விடியக்காலைடி மன்சா. அதே ஒரு காலைய வச்சுக்கிட்டு, கடவுள் என்னக் காப்பாத்துனாருன்னு நான் இத்தன வருஷம் கும்பிட்டேன். கடவுள் தண்டிச்சாருன்னு அவங்க இத்தன வருஷம் அழுதிருக்காங்க" என்றாள்.

அடுத்த மாதம் சபையின் ஆண்டு விழா. வழக்கம்போல சுமினா தூதன் எடுத்த கதையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். பாஸ்டரின் மகள் அட்டை இறக்கையோடு மேடையில் நிற்கப்போகிறாள், ஒத்திகைகூட முடிந்துவிட்டது. சுமினா பாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். துணைக்கு நானும் போனேன். எங்கள் பாஸ்டருக்குப் பென்ட்சில் என்று பெயர். வயதில் சின்னவர், கெட்டவர் இல்லை.

"அதுல ஒண்ணும் குறைவில்லையே சகோதரி" என்றார். "அந்த அம்மாவை அனுப்பினதே கர்த்தர்தானே!"

"அப்போ அவங்க ரெண்டு பொண்ணுங்கள எடுத்ததும் அவருதானா பாஸ்டர்?" என்று கேட்டேன். கேட்கக் கூடாதுதான். கோஃபி ஞாபகம் வந்துவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளாமலே, "எனக்குத் தெரியலம்மா" என்றார். அந்தச் சபையில் எந்தப் பாஸ்டர் வாயிலிருந்தும் நான் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. அன்றிலிருந்து அவர் பிரசங்கத்தில் நான் தூங்குவதில்லை.

விழா அன்று முமுனி தன் அம்மாவை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். அசாரா அம்மா கதவைப் பிடித்துக்கொள்ளவில்லை, ஆனால் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார். சபைக்குள் வர மாட்டேன் என்று வாசலில் மாமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். சுமினா மைக்கை வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்தாள். வயர் அதற்குமேல் எட்டவில்லை.

"என்ன எடுத்தவங்களுக்கு எறக்கை இல்ல" என்றாள். "மேலெல்லாம் மாவு இருந்துச்சு. என்ன எடுத்ததுக்காக நம்ம ஊரு அவங்கள அடிக்கத் தொரத்துச்சு. அவங்க திருடி இல்ல. இது இந்த ஊரு முழுக்கக் கேக்கணும்." அவ்வளவுதான் அவள் சாட்சி. யாரும் கை தட்டவில்லை. வரிசையாக எழுந்து வெளியே வந்தார்கள். அன்றைக்குக் கம்பு தூக்கின ஆண்களில் இரண்டு பேர்தான் இப்போது உயிரோடு இருக்கிறார்கள். இரண்டு பேரும் அந்த அம்மா முன்னால் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பாஸ்டரின் மகள் இறக்கையோடேயே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குப்பைமேட்டில் பாம்பு இருந்ததா என்று கேட்டாள்.

பிறகு முறையை முடிக்கக் குப்பைமேட்டுக்குப் போனோம். இப்போது அங்கே குப்பையும் இல்லை மேடும் இல்லை, போன் சார்ஜ் போடும் பெட்டிக்கடை இருக்கிறது. சுமினாவின் அம்மா இல்லாததால், பிள்ளையைக் கேட்டு வாங்க வேண்டியவள் தாவியா சித்தி. தொண்ணூறு வயது. இந்தத் தடவை அவள் விடியற்காலையிலேயே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாளாம். பெட்டிக்கடைக்காரன் சொன்னான்.

தாவியா சித்தி நீலக் கிண்ணியில் மசித்த கிழங்கும் மேலே அவித்த முட்டையுமாக வைத்து அசாரா அம்மாவிடம் நீட்டினாள். "மகளே, குப்பைல ஒரு புள்ளைய எடுத்தியாம். எனக்குத் தா" என்றாள்.

அசாரா அம்மா கிண்ணியை வாங்கிக்கொண்டார். "இந்தா, உனக்குத் தர்றேன்" என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் முமுனி சொல்லிக்கொடுத்துதான் கூட்டிவந்திருந்தார். அசாரா அம்மா சுமினாவைப் பார்த்தார். ஐம்பத்திமூன்று வயது, இரண்டு மூட்டை வெங்காயத்தின் கனம்.

"தர மாட்டேன்" என்றார்.

"என்னது?" என்றாள் தாவியா சித்தி.

"திருடலன்னு நீங்கதானே மைக்குல சொன்னீங்க. திருடலன்னா இது எம் புள்ள. ரெண்டு பொண்ணப் பறிகொடுத்தவ நான். தர மாட்டேன்."

"அடி பாவி, அப்போ முறை?"

"முட்டைய வேணா சாப்பிடறேன்."

யாராவது சிரித்திருப்பார்கள். ஆனால் அதற்குள் சுமினா அழ ஆரம்பித்துவிட்டாள். தெருவில், பெட்டிக்கடை வாசலில், வாய்விட்டு அழுதாள். ஊருக்கே கேட்டிருக்கும். அசாரா அம்மா கிண்ணியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து, அவளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.